ஓம் என்பதற்கு எத்தனை எழுத்து

திருக்கடலூர் ஐஸ் கூடத்தில்
கணக்கெழுதுகிறவள் நான்.
பைதன் படித்தது போன மாரியில்,
படகுகள் கரையில் கவிழ்ந்து கிடந்த ஆறு கிழமை,
கைப்பேசியில், கரண்ட் இருந்த நேரங்களில்.

என் முதல் நிரல் இரண்டே கேள்வி கேட்கும்:
நாளைக்கு ஐஸ் வேணுமா, ஆம் அல்லது இல்லை.
எத்தனை பெட்டி.
வாசலில் ஒரு பழைய கணினி,
ஈரக் கைகள் வரும் என்று
விசைப்பலகைக்குப் பொலித்தீன் உறை.

முதல் நாள், விடியப்புறம் மூன்று மணி.
மரியசீலன் ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தான்: ஓம்.
எங்களூரில் ஆம் என்று ஆர் சொல்கிறார்கள்,
பாடப்புத்தகத்தைத் தவிர?
தவறான உள்ளீடு, என்றது திரை.
"நான் ஒண்டும் செய்யேல்லையே" என்று
கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டான்.

அந்தக் கை அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

எழுந்து ஒரு பட்டியல் போட்டேன்.
அதற்குள் ஓம். அதற்குள் ஓமோம்.
கிண்ணியா நிஹ்மத்துல்லாவின் நீண்ட ஓ.
கொட்பே சுமித்தின் ஒவ்.
குறிலாய்ச் சுருங்கிய ஒம், புள்ளியைத் தொலைத்த ஓம.
ம். சரி. வை என்ற தனி ஆங்கில எழுத்து.
வேண்டாமெண்டு ஆர் சொன்னது, என்றொரு முழு வசனம்.
அதையும் சேர்த்தேன். அதுவும் ஓம்தானே.

சில ஓம்களின் வாலில்
ஒரு வெற்றிடம் ஒட்டியிருக்கும்.
கண்ணுக்குப் படாது, கணினிக்குப் படும்.
உதறிவிட ஒரு சொல் உண்டு, ஸ்ட்ரிப்:
கரைவலை இழுத்தவன் சாரத்தை உதறுவதுபோல
இரண்டு பக்கமும் மணல் விழும்,
மடிக்குள் முடிந்தது மடியிலேயே இருக்கும்.
பெரிய எழுத்தைச் சிறிதாக்கவும் ஒரு சொல் உண்டு.
தமிழில் அதற்கு வேலையில்லை.
எங்கள் எழுத்துக்குத் தலைப்பாகை கிடையாது.

அடுத்த சண்டை எண்ணிக்கையில்.
இலக்கத்தில் ஐந்தை எதிர்பார்த்து நின்றேன்.
அஞ்சு வந்தது.
அஞ்சாறு வந்தது:
அஞ்சா, ஆறா, ஐம்பத்தாறா என்று தெரியாமல்
நிரல் அந்த இடத்திலேயே விழுந்து
சிவப்பில் நாலு வரி அழுதது.
நேற்றையைப் போல, என்று எழுதினாள் தங்கேஸ்வரி.
காத்தைப் பார்த்து, என்று வேறொருவர்.
கச்சானைக் கணினி எங்கே கண்டது!

விழுந்தால் ஏந்த ஒரு வலை கட்டினேன்,
முயன்று பார், முடியாவிட்டால் இதைச் செய் என்று.
தவறான உள்ளீடு என்பதை அழித்து
விளங்கேல்ல, இன்னொருக்காச் சொல்லுங்கோ
என்று வைத்தேன்.

பிறப்புப் பத்திரத்தில் நான் யசோதினி.
அடையாள அட்டையில்
ஆங்கில ஜே ஒன்று முன்னால் வந்து குந்தியிருக்கிறது.
இருவரும் ஒருத்தி என்று நிறுவ
கச்சேரியில் ஒரு முழுநாள் நின்றேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்ததும்
ஒரு பட்டியல்தான்.
மிகச் சிறியது.

ஆடி மாதப் பதிவில், ஒரு விடியலில்,
பதினொரு வெறும் வரிகள்.
நிரல் கேட்டிருக்கிறது, என்டரைத் தட்டியிருக்கிறார்கள்,
மறுபடி கேட்டிருக்கிறது.
விசை பழுதோ என்று விசாரித்தால்
பிலேந்திரன் தலையைச் சொறிகிறான்:
"இல்லைத் தங்கச்சி, வானம் ஒரு மாதிரிக் கிடந்தது.
யோசிக்கிறன் எண்டதை
எந்தக் கட்டையில அடிக்கிறது?"

அதற்கும் ஒரு கிளை எழுதினேன்.
ஒன்றுமில்லாமல் வந்தால்
இனிக் கேள்வி திரும்பி வராது;
ஒரு பெட்டியை ஒதுக்கிவிட்டு
நாலு மணி வரைக்கும் பேசாமல் இருக்கும்.

நல்லாயிருக்கு என்றார்கள்.
நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இன்று காலை முதல் வரி:
ஓம். ஆனா இல்லை.

தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு
நிரலின் கோப்பைத் திறக்கிறேன்.